மருமவன் காருக்கு வேனக்கட்டி

வாங்க மருமவனே, வாங்க. என்ன முழிக்க? காரு வாங்குன ஆளுக்கு மரியாத குடுக்க வேண்டாமா? நேத்து வரைக்கும் 'ஏலே'. இன்னைக்கு ஒரு நாளைக்கு 'வாங்க'. ராத்திரிக்குள்ள பழைய எடத்துக்கு வந்துருவேன், கவலப்படாத.

வண்டி சும்மா சொல்லக்கூடாது, அவிச்ச முட்ட மாதிரி வெள்ளையா நிக்கு. சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, சந்தனம் குங்குமம் ஆச்சு, முன்னால கறுப்புக் கயிறு, பின்கண்ணாடியில கொலசாமி பேரு இந்தாத் தண்டி எழுத்துல. சீட்டுக்கு உறை, அந்த உறை அழுக்காவாம இருக்க மேல ஒரு துண்டு, கியர் கம்பிக்குக்கூட ஒரு குல்லா. மாப்பிள்ளை அலங்காரத்துல ஒரு கொறையும் இல்ல. ஒங்க அத்தை ஆரத்தித் தட்டோட வாசலுக்கு வந்துட்டா. மாமனை மட்டும் காணமேன்னு தேடுன பாரு, நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தேன். மாடு பிடிக்கப் போறவன் வாயத் தொறந்து பல்லப் பாப்பான். டிங்கரிங் பாத்தவனுக்குக் கை தானா மட்கார்டு மடிப்புக்குப் போயிரும். 1974ல சுத்தியலப் பிடிச்ச கை, என்ன செய்யச் சொல்லுத.

தடவுனேன். மணி மணியாத் தட்டுப்பட்டுது. வேனக்காலத்துல சின்னப் பிள்ளைய முதுகுல வருமே, அந்தக் கட்டி.

நீ என்ன சொன்ன? "அது சின்னப் பொட்டு மாமா, டச்சப் பேனா ஒண்ணு வாங்கி ஒரு இழுப்பு இழுத்தா மறஞ்சிரும்." மறையும், மறையும். வேனக்கட்டிக்கு மேல பவுடர் போட்டாலும்தான் மறையும். நான் நகத்தால ஒரு கீறு கீறுனேன், ஒனக்கு மொகம் செத்துப்போச்சு. பெயிண்டு அப்பளமாக் கழண்டு வந்துது. உள்ள பாத்தா தேரிக்காட்டு மண்ணு. சிரிக்காத, அது ஒப்புக்குச் சொன்னதில்ல. நம்ம தேரி மணலு செவந்து கெடக்கதே அதுல ஒட்டியிருக்க இரும்புத் துருவாலதான். திருச்செந்தூர் போற வழியில ஊரளவுக்குக் கெடக்கத நீ ஒன் மட்கார்டுக்குள்ள கையளவு வச்சிருக்க.

இரும்பு மண்ணுக்குள்ள இருந்து வந்தது. நாமதான் அத உலையில போட்டு உருக்கி, தகரமா இழுத்து, பெயிண்டு அடிச்சு, கடன் போட்டு வாங்கி வாசல்ல நிறுத்துதோம். அதுக்கு எப்பவும் பெறந்த வீட்டு நெனப்பு. சிவகளையில தோண்டுன எடத்துல இரும்போட காலம் கி.மு. 3345 வரைக்கும் பின்னால போவுதுன்னு 2025 சனவரியில அறிவிச்சாகளே, ஊரெல்லாம் வெடி போட்டுக் கொண்டாடுன. பெருமதான், எனக்கும் பெருமதான். ஆனா ஆதிச்சநல்லூர்ல 1899ல அலெக்சாண்டர் ரீ தோண்ட ஆரம்பிச்சு எடுத்த வாளு, ஈட்டியெல்லாம் எப்பிடி இருக்குன்னு பாத்திருக்கியா? எடுத்தா உதுரும். போர்வீரன் வாளையே தின்ன சவம், ஒன் தவணை முடியுற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்குமா?

நீ காலேஜுல படிச்சத நான் கையால படிச்சேன், அம்புட்டுத்தான் வித்தியாசம். இரும்பு, தண்ணி, காத்து மூணும் சேந்தா துரு. தண்ணியில உப்பு கரஞ்சிருந்தா அதுக்குள்ள சின்ன மின்சாரம் லேசா ஓடும், துருவுக்கு ரெக்க மொளச்சிரும். நம்மூருல உப்புக்கு என்ன பஞ்சம்? குஜராத்துக்கு அடுத்தபடியா உப்பு வெளையுறது நம்ம மாநிலத்துல, அதுல பெரும்பங்கு நம்ம தூத்துக்குடி அளத்துல. கடக்காத்து அந்த உப்பக் கொண்டாந்து தகரத்து மேல பூசிட்டுப் போவுது. "மழையே பெய்யல, எப்பிடி மாமா ஈரம்?"னு கேப்ப. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டிட்டா உப்பு தானாத் தண்ணிய இழுத்துக் கசிய ஆரம்பிச்சிரும். அடுக்களையில உப்பு ஜாடி ராத்திரி வேர்த்துப்போயி நிக்கிறத ஒங்க அம்ம கிட்டக் கேளு. ஜாடிக்குள்ள நடக்கது ஒன் கதவுக்குள்ளயும் நடக்கு.

அலுமினியத்துக்கும் இதே வியாதி உண்டு. ஆனா அதுக்கு மேல பூக்குற பூப்பு இறுக ஒட்டி, உள்ள இருக்கத மூடிக் காப்பாத்திரும். இரும்புத் துரு அப்பிடி இல்ல. பொறையோடிப் போன ரொட்டி மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கும், தண்ணியக் குடிச்சு வச்சிக்கிட்டு அடுத்த பாகத்துக்கு ஊட்டும். அது தின்ன இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல எடம் அடைக்கும். அதான் பெயிண்டக் கெளப்பிக்கிட்டு கட்டி வருது. ஒன் பெயிண்டு எத்தன கனம்னு நெனச்ச? எல்லாக் கோட்டும் சேத்துத் தலமுடியக் கொஞ்சம் தாண்டும். அதுக்குக் கீழ தகரம் முக்கால் மில்லி. இந்த முக்கால் மில்லிக்குத்தான் அஞ்சு வருசத் தவணை.

சரி, துரு வளக்கணும்னு ஒனக்கு ஆச இருக்கு போல. வளக்கதுன்னு முடிவு பண்ணுனா ஒழுங்கா வளக்கணும். பக்குவம் சொல்லுதேன், கேட்டுக்கோ.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் பிள்ளையளக் கூட்டிட்டு கடக்கரைக்குப் போ. மணலு வரைக்கும் வண்டிய எறக்கி நிறுத்து, அப்பத்தான் போட்டோ நல்லா வரும். திரும்பி வந்து அடிப்பக்கம் தண்ணி காட்டிராத, மேல மட்டும் தொட. ஈரத்தோட பிளாஸ்டிக் உறையப் போட்டு இறுக்கிக் கட்டு. இட்டிலிச் சட்டிக்கு மூடி போட்டாத்தான் வேவும். வேப்பமர நெழல்ல நிறுத்து. எலச்சருகு கண்ணாடிக்குக் கீழ அந்த வலைக்குள்ள போயி ஒக்காந்து மக்கி எருவாவட்டும், தண்ணி போற வழி அடையட்டும். கதவுக்கு அடியில வரிசையாச் சின்ன ஓட்டை வச்சிருப்பான், உள்ள எறங்குன தண்ணி வடியுறதுக்கு. அதப் போன மாசம் ஒருத்தன் எம்சீல் வச்சு அடச்சுட்டு வந்து "பூச்சி போவுது அண்ணாச்சி"ன்னான். நீயும் அட. ஏசி தண்ணி உள்பக்கமா ஒழுகுனா மிதியடி ரெண்டு கூடப் போடு, கீழ ஈரம் கலையாமக் கெடக்கும். ரெண்டே மழக்காலம். ஒங்க அத்தை போடுற பாவக்காய்க் கொடியே தோத்துப்போவும்.

இதுல எத்தன நீ ஏற்கனவே செஞ்சிருக்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா பாதியில முழிக்கிறத நிறுத்திட்டு தரையப் பாத்த.

இங்க வா. இந்தா, காந்தம். பழைய ஸ்பீக்கர்ல கழட்டுனது, பெயிண்டு கீறாம இருக்க ஒங்க அத்தை சேலத் துணியச் சுத்தி வச்சிருக்கேன். கதவுல வச்சுப் பாரு. ஒட்டுதா? மட்கார்டுக்கு மேல? ஒட்டுது. இப்பக் கீழ கொண்டு வா, அந்தக் கறுப்பு ஸ்டிக்கர்ப் பட்டை ஓடுதே, அழகுக்கு ஒட்டியிருக்கான்னு மதுரையில வண்டிய வித்தவன் சொன்னானே, அதுக்கு மேல வையி. விழுந்துருச்சா? எடுத்து மறுபடி வையி. மறுபடியும் விழும். காந்தம் இரும்புக்குத்தான் பிடிக்கும், பட்டிக்குப் பிடிக்காது. நீ அங்கன காரு வாங்கல மருமவனே, அந்த எடத்துல ஒரு கிலோ பட்டி வாங்கியிருக்க.

அவனத் திட்டாத. நானும் அந்த வேல பாத்தவன்தான். சொன்னா என்ன, வேலய விட்டு வருசம் எத்தனையோ ஆச்சு. எண்பதுகள்ல ஒரு அம்பாசடர் வந்துது, புட்போர்டு ரெண்டு பக்கமும் இத்துப்போயி, கால வச்சா ரோடு தெரியும். "வெட்டி ஒட்டணும், மூணு நாளாவும்"னேன். "விக்கப்போற வண்டிக்கு எதுக்குவே வெல்டிங்? நாளைக்குப் பார்ட்டி வாரான்"னாரு முதலாளி. சாக்கத் திணிச்சேன், அதுக்கு மேல செய்தித்தாளு, அதுக்கு மேல பட்டி, தேச்சுப் பெயிண்டு. கண்ணாடி! வாங்குனவரு கோயில்பட்டி தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் போயிருக்கும். அஞ்சாறு மாசம் கழிச்சு அவரு வண்டியோட வந்தாரு. தட்டுன ஒடனே பட்டி விழுந்து, உள்ள இருந்த பேப்பர்ல தேதி வரைக்கும் வாசிக்க முடிஞ்சுது. அன்னையில இருந்து நான் திருந்துனேன்னு சொன்னா நீ நம்புவ, அத்தை நம்பமாட்டா. ஆனா பேப்பர் வைக்கத விட்டுட்டேன்.

அந்தக் காலத்துத் தகரம் கனம். 83 டிசம்பர்ல மாருதி எறங்குச்சு, அப்ப எங்க பட்டறையில எல்லாரும் தட்டிப் பாத்துட்டுச் சிரிச்சோம், "பிஸ்கட் டப்பா"ன்னு. சிரிச்சது தப்பு. கனம் வேற, காப்பு வேற. இப்ப வாரதெல்லாம் ஒடம்பு முழுசையும் தொட்டியில முக்கி, கரண்டு ஓடவிட்டு பிரைமர் ஏத்துதான், கையி போவாத சந்துக்குள்ள எல்லாம் போயி ஒட்டும். நெறைய வண்டியில தகரத்துக்கே துத்தநாகம் பூசி வருது. நம்ம வாளி மாதிரி. வாளியில கீறல் விழுந்தாலும் ஒடனே துருப்பிடிக்காது பாத்தியா, துத்தநாகம் 'என்னைய மொதல்ல தின்னு'ன்னு முன்னால போயி நிக்கும். அது தீந்த பெறவுதான் இரும்புக்கு முறை.

இப்ப வேலைக்கு வருவோம். கட்டி மட்டும் இருந்து, தகரம் இன்னும் ஓட்டையாவாம இருந்தா நீயே பாத்துக்கிடலாம். மொதல்ல சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, நல்லாக் காயவிடு. உப்ப உள்ள வச்சு மூடுனா அது ஊறுகாய். அப்புறம் கட்டியச் சுத்தி ஒரு கோடு போடு, அந்தக் கோட்டுக்கு ரெண்டு விரக்கட வெளிய இன்னொரு கோடு போடு. சொரண்ட வேண்டியது வெளிக்கோடு வரைக்கும். பெயிண்டுக்கு அடியில துரு வேர் ஓடியிருக்கும், மேல தெரியாது. எல்லாரும் ஏமாறுத எடம் இதுதான்.

சொரண்டுறதுன்னா கிரைண்டர எடுத்து சர்ருன்னு விட்டுராத. முக்கால் மில்லித் தகரம், சூடேறுனா நெளிஞ்சுக்கும், அழுத்துனா தேஞ்சு ஓட்டையாவும். கம்பி பிரஷ் மாட்டி லேசா மேய விடு. பெறவு உப்புத்தாளு. அதுக்கு ஏன் உப்புத்தாளுன்னு பேரு வச்சான்னு தெரியல, துருவுக்கு மருந்தே உப்புப் பேருல இருக்கு, நல்ல கூத்து. 80 நம்பர் தாளுல ஆரம்பி, வெள்ளித்தகரம் தெரியுற வரைக்கும் தேயி. அப்புறம் 120, 180ன்னு மாத்தி, பெயிண்டு முடியுற வெளிம்பு படிக்கட்டு மாதிரி நிக்காம சரிஞ்சு எறங்குற வரைக்கும் தேயி. கண்ண நம்பாத. பழைய வேட்டித் துணி ஒண்ண உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவுல வச்சுத் தடவு, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். எனக்கு இத எங்க மேஸ்திரி ஒரு வருசம் டீ வாங்கவச்சுட்டுத்தான் சொல்லிக் குடுத்தாரு. ஒனக்கு ஓசி.

எத்தன தேச்சாலும் குழிக்குள்ள கரும்புள்ளியா கொஞ்சம் ஒட்டிக்கிட்டே கெடக்கும். அதுக்குத்தான் துருவ மாத்துற மருந்து பாட்டில்ல விக்கான். சிலதுல பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலதுல டானின். தடவுன ஒடனே செவப்பு கறுத்துப்போவும். மந்திரம் ஒண்ணுமில்ல. வாழக்காய் நறுக்குன அருவாமணை கறுக்குதுல்ல, அதே டானின்தான், இரும்போட கூடுனா கருநீலமாயிரும். கடுக்காயும் அன்னபேதியும் சேத்து நம்ம ஆளுக மை காச்சுனதும் இதே கணக்குத்தான்.

இப்ப நீ கேப்ப, "தில்லியில இரும்புத் தூணு 1600 வருசமா துருப்பிடிக்காம நிக்கே மாமா, அந்த டெக்னிக்க நாம..." தெரியும்ல நீ கேப்பன்னு. ஏழு மீட்டர் ஒசரம், ஆறு டன்னுக்கு மேல. அந்த இரும்புல பாஸ்பரஸ் கூட இருக்கு, அது மேல ஒரு மெல்லிசான தோல உண்டாக்கி மூடிக்கிட்டுது. கான்பூர் ஐ.ஐ.டி.யில பாலசுப்பிரமணியம்னு ஒரு பேராசிரியர் அத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காரு. பாட்டில்ல இருக்க பாஸ்பாரிக் அமிலமும் தூணோட ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கோ. ஆனா தூணு தில்லிக் காத்துல நிக்கு. அதக் கொண்டாந்து நம்ம பழைய துறைமுகத்துல நட்டு வச்சு வேடிக்க பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச.

மருந்து தடவுறதுக்கு முன்னால உதுரத உதுத்துரு. பொருக்கு மேல தடவுனா பொருக்குத்தான் கறுக்கும். எவ்வளவு நேரம் காயணும், கழுவணுமா வேண்டாமான்னு பாட்டில்லயே எழுதியிருப்பான், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசி. காயாம பிரைமர அடிச்சா அது பிடிக்காது. தின்னர் துணியால தொட, தொடச்ச எடத்த வெரலால தொடாத. ஒன் வெரல்லயும் உப்புத்தான்.

பெறவு எபாக்ஸி பிரைமர், ரெண்டு டப்பாவக் கலந்து அடிக்கிறது. சாதாரண பிரைமர் தண்ணிய விடும், அத மட்டும் அடிச்சுட்டு "அடுத்த மாசம் கலர் அடிக்கலாம்"னு ஊரச் சுத்துனா, அடுத்த மாசம் சொரண்டத்தான் ஆளு கூப்புடணும். குழி இருந்தா எபாக்ஸிக்கு மேல பட்டி. எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு ஹார்டனர், அம்புட்டுத்தான். நம்மூரு வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி, கலக்கிக்கிட்டே கத பேசுனா தட்டுலயே கல்லாயிரும். ரெண்டு மூணு மில்லி கனத்துக்கு மேல போவாத. தண்ணி ஊத்திப் பட்டியத் தேய்க்காத, அது பஞ்சு மாதிரி குடிச்சு உள்ள வச்சிக்கிடும். மேல மறுபடி பிரைமர் ஏறுன பெறவு வாட்டர் பேப்பர் போடு, 400, 600, 800. அதுக்கு மேல கலர், அதுக்கு மேல கிளியர்.

கலர் அடிக்கிறத ஐப்பசி கார்த்திகையில வச்சுக்காத. காத்து ஈரமா இருந்தா பெயிண்டு பனி விழுந்த மாதிரி வெளுத்துப் பூக்கும். வாயில மூக்குல சும்மா கைக்குட்டையக் கட்டிக்கிட்டு நிக்காத, ஒழுங்கான முகமூடி வாங்கு. ராத்திரி நான் இருமுறது ஒங்க அம்மைக்குத் தெருவக் கடந்து கேக்கும்லா? பீடின்னு ஊரு சொல்லுது. பீடி இல்ல. ஸ்பிரே.

ஓட்டை விழுந்துட்டா கத வேற. ஸ்குரூடிரைவரால குத்து. குத்துறதுக்கு மனசு வராது, குத்து. டங்குன்னு சத்தம் வந்தா தகரம். பொதுக்குன்னு உள்ள போனா அது இத்துப்போன எடம். அங்கன பட்டி, பைபரு, எம்சீல் எதுவும் நிக்காது. நல்ல தகரம் வருத வரைக்கும் வெட்டி எடுக்கணும், புதுத் தகரத்தை அளவா வளச்சு வச்சு வெல்டு பண்ணணும். ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது, இங்க ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டுன்னு ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கணும். இல்லன்னா பேனலு அப்பளமா வளஞ்சிரும். பேட்டரி வயரக் கழட்டணும், கார்ப்பெட்ட எடுக்கணும், பெட்ரோல் டேங்கு பக்கம்னா தொடவே கூடாது, டேங்க எறக்கிட்டுத்தான். புட்போர்டு, சஸ்பென்ஷன் பிடிச்சிருக்க எடம் இதுகளெல்லாம் வண்டியோட எலும்பு. அதுல துரு வந்துருந்தா பட்டறைக்கு ஓடிரு, என்னையக் கூப்புடு, நான் பக்கத்துல நின்னு பயலுக உயிர எடுக்கேன்.

வெல்டு வச்ச எடத்துக்கு உள்பக்கம் யாரு பாப்பா? ஒருத்தனும் பாக்கமாட்டான். சூட்டுல உள்பக்கப் பெயிண்டு எரிஞ்சு மொட்டத் தகரமா நிக்கும். வெளிய நீ பாலீஷ் போட்டுக்கிட்டு இருக்கப்பவே உள்ள அடுத்த வெள்ளாமை ஆரம்பிச்சிரும். நீளக் குழாய் வச்ச மெழுகு ஸ்பிரே இருக்கு, வடிகால் ஓட்டை வழியா விட்டு உள்ள முழுக்க அடிக்கணும். அடிச்சுட்டு ஈர்க்குச்சியால ஓட்டையக் குத்திப் பாத்துரு, மெழுகே அடச்சிருக்கும்.

வண்டி அடியில புதுசா தார் மாதிரி கறுப்பா அடிச்சு வச்சிருக்கான், பாத்தியா? அதக் காட்டித்தான் 'அண்டர் கோட்டிங் பண்ணுன வண்டி'ன்னு ரெண்டு ரூவா ஏத்திச் சொல்லியிருப்பான். சுத்தமான தகரத்துல அடிச்சா நல்லதுதான். துருவுக்கு மேல அடிச்சா உள்ள ஈரத்தப் பூட்டிச் சாவிய அவன் வச்சுக்கிட்டான்னு அர்த்தம். லாரிக்காரன் மாதிரி கழிவு ஆயில் அடிக்கவான்னு கேக்காத. ரப்பர் புஷ் ஊதிரும், வீட்டு வாசல் எண்ணெயாவும், அத்தை ஒன்னைய வாசல்ல ஏத்தமாட்டா. அப்புறம் 'துருப்பிடிக்காம மின்சாரம் விடுற கருவி'ன்னு எவனாவது ஒரு டப்பாவக் காட்டுனா வாங்கிராத. கப்பலுக்கு அடியில துத்தநாகக் கட்டி மாட்டி விடுவாக, அது வேல செய்யும், கப்பல் தண்ணியில கெடக்குல்லா. ஒன் காரு ரோட்டுல நிக்கு. கடலுக்குள்ள ஓட்டுறதா இருந்தா மாட்டு.

இந்த உப்புக்காத்த லேசா நெனச்சிராத. காரைக்குடியில அழகப்பச் செட்டியார் எடமும் பணமும் குடுத்து, 1953ல தொறந்த மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் இருக்கு. அவுக மண்டபம் கடக்கரையில தகரத் துண்டுகள வரிசையா மாட்டி, காத்துல காயவிட்டு, எத்தன கிராம் அரிச்சுதுன்னு நிறுத்துப் பாக்காக. துருவ எடபோடுறதுக்குன்னு படிச்ச ஆளுக! பக்கத்துலயே பாம்பன். 1914ல தொறந்த பாலம், வருசாவருசம் பெயிண்டு அடிச்சும் கடக்காத்து அரிச்சு அரிச்சு, 2022 டிசம்பர்ல ரயில நிறுத்திட்டாக. 2025 ஏப்ரல்ல புதுசு வந்துது, உள்ளுக்குள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேல பாலிசிலாக்ஸேன்னு ஒரு ஒசந்த பூச்சு. அத்தன பெரிய பாலத்துக்கே அந்தப் பாடு. நீ டச்சப் பேனாவக் கொண்டாந்திருக்க.

பாதுகாப்புன்னு நான் சொல்லுதது பைசாச் செலவில்லாதது. வாரத்துக்கு ஒருநா நல்ல தண்ணிய அடிப்பக்கம் பீச்சு. போர்த்தண்ணி உப்புன்னா அதால கழுவுறதும் கழுவாததும் ஒண்ணுதான். மட்கார்டு மடிப்புல சேந்த சேத்த வெரல விட்டு நோண்டி எடு, ஒனக்கு மூக்கு நோண்டுற பழக்கம் உண்டே, கை வராமலா போவும்? வெயில்ல நிறுத்தி நாலு கதவையும் தொறந்து போடு. பானெட்டுல கல்லு தெறிச்சுப் பொட்டு விழுந்தா அன்னைக்கே, ஆமா, அன்னைக்கே அந்தப் பேனாவால தொட்டு வையி. பேனா அதுக்குத்தான், கட்டி வந்த பெறவு இல்ல.

டிக்கியத் தொற. ஸ்டெப்னிய எடுத்து வெளிய வையி. என்ன அது கீழ, பொடியா, சாம்பல் நெறத்துல? தூசியா? தூசி இப்பிடிப் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குமா? நாக்குல வச்சுப் பாக்கச் சொல்லமாட்டேன். நீ டிரைவர் சீட்டுல போயி பெல்ட்ட இழு. போதாது, கடைசி வரைக்கும் இழு, இன்னும் இழு. இந்தாப் பாரு, சாண் ஒசரத்துக்குப் பழுப்பா ஒரு கோடு. 2023 டிசம்பர்ல காயல்பட்டணத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் ஊத்துச்சே, தாமிரவரணி ரோட்டுல ஏறி ஓடுச்சே, அன்னைக்கு இந்தப் பிள்ளை எங்கயோ நீச்சலடிச்சிருக்கு.

"மழத்தண்ணியே பாக்காத மதுரை வண்டி மாமா"ன்னு வாசல்ல வச்சுச் சொன்ன. நான் ஒண்ணும் பேசல. நம்பர் பலகைய வாசிச்சுக்கிட்டு இருந்தேன். டி.என். 69. மதுரக்காரன் வண்டிக்கு மதுர நம்பர்தானல இருக்கணும், தூத்துக்குடி நம்பர் எப்பிடி வந்துது? நம்மூரு உப்பக் குடிச்சு, நம்மூரு வெள்ளத்துல குளிச்சு, மதுரைக்குப் போயிப் பவுடர் போட்டுக்கிட்டு வந்திருக்கு. இங்கயிருந்து மதுரைக்குப் பஸ் டிக்கெட் எடுத்துப் போயி, நம்ம தெருப் பிள்ளையவே பொண்ணு பாத்துக் கூட்டிட்டு வந்திருக்கியல.

பாத்தியா, 'ஏலே' வந்துருச்சு. நான்தான் சொன்னேன்ல ராத்திரிக்குள்ளன்னு.

என்ன சிரிக்க, என் மொபட்டப் பாத்தா? மட்கார்டக் கம்பி போட்டுத்தான் கட்டி வச்சிருக்கேன். அது அங்கன அப்பிடியே நிக்கணும். அதப் பாத்துட்டுத்தான் கடன் கேக்க வாரவன் பாதிப் பேரு வாசலோட திரும்புதான்.

எங்க அக்கா கிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வா. இந்த வெள்ளச் சட்டையோட வராத, பழைய லுங்கி கட்டிட்டு வா. கடையில 80 நம்பர் உப்புத்தாளு பத்து, கம்பி பிரஷ் ஒண்ணு. ரெண்டு சாக்கு விரிக்கணும், ஒண்ணு எனக்குத் திண்ணையில, ஒண்ணு ஒனக்கு வண்டிக்கு அடியில. டீ ஒன் கணக்கு.